அட்டைப் பெட்டியில் மொந்தால்வோ பெயர்

அன்று மேசையில் இருந்தவர்கள் நான்கு பேர்: வீட்டுக்குப் பெரியவர் எவரிஸ்தோ மொந்தால்வோ, அவருடைய தங்கை கசில்தா, மகள் ஃபுயென்சாந்தா, மருமகன் ஆன்ஷோ. இன்று இதைப் பற்றி வாய் ஓயாமல் பேசும் ஊரார் ஒருவரும் அங்கே இல்லை.

பூண்டு சூப்புக்குப் பக்கத்தில் ஃபுயென்சாந்தா கொண்டுவந்து வைத்த அட்டைப் பெட்டி உட்கார்ந்திருந்தது. உள்ளே ஒரு பை, பையில் ஐந்து லிட்டர் ஒயின், ஓரத்தில் பிளாஸ்டிக் குழாய். மொந்தால்வோ தோட்டத்துத் திராட்சைதான். புட்டி ஒயினில் பாதி விலை. இயற்கை விவசாயம் என்று ஒரு பச்சை இலை முத்திரை. குடும்பப் பெயருக்கான இடம் மட்டும் காலி. பெயரில்லாத பெட்டி வேண்டாம் என்று ஜெர்மனி வியாபாரி சொல்லிவிட்டான். பெரியவர் தலையசைக்காமல் பெயர் அச்சேறாது.

"என்னம்மா இது, சோப்புத்தூளா?"

"ஒயின்ப்பா."

"குழாயில வந்தா அது தண்ணி. அப்புறம், இயற்கையாம்! எங்கப்பா கொடிக்கு ஒரு நாளும் மருந்து அடிச்சதில்ல. அவரு எவன்கிட்டப் போயி இலை வாங்கினாரு?"

"ஜெர்மனில இலை கேக்குறாங்க மாமா" என்றான் ஆன்ஷோ.

"ஒயின்ல ஐஸ்கட்டி போடுறவன் இலையும் கேப்பான், கிளையும் கேப்பான்."

பீப்பாயில் தினம் கொஞ்சம் இறக்கினால், காற்றுப் புகுந்து நாற்பது நாளில் காடியாகிவிடும். ஐந்து தலைமுறையாக அந்த வீடு அறிந்த பாடம். அதையே பெரியவர் நிபந்தனையாக்கினார்.

"இன்னிக்குக் குழாயத் திறக்குறேன். நாப்பதாம் நாள் இதே மேசையில குடிப்போம். புளிக்கலேன்னா பேரப் போட்டுக்கோ. புளிச்சா, பெட்டிப் பேச்சையே எடுக்கக் கூடாது."

பெட்டி நிலவறைக்குப் போனது. சாவி அவர் இடுப்பில்.

நாற்பதாம் நாள் அதே நால்வர். சாவியை வாங்கிக்கொண்டு போன ஆன்ஷோ, பெட்டியை ஒரே விரலில் தூக்கி வந்தான்.

"மாமா, காத்தாட்டம் இருக்கு."

குழாயைத் திருகினார்கள். ஒரு சொட்டு விழுந்தது.

"எலி குழாயத் திருகிக் குடிச்சிட்டு, மறுபடி மூடியும் வச்சிருக்கு. நல்ல வளர்ப்பு அண்ணே" என்றாள் கசில்தா.

பெரியவர் துவாலையை மடித்து வைத்தார். மொந்தால்வோ வீட்டில் எலி மேல் பழி போடும் வழக்கம் இல்லை.

"நான்தான் குடிச்சேன். தினம் ஒரு கோப்பை. எப்பப் புளிக்குதுன்னு பாக்க."

"எப்பப்பா புளிச்சுது?"

பெரியவர் சுவரில் தொங்கிய தகப்பனார் படத்தைப் பார்த்தார்.

"அந்தப் பாழாப்போன பை ஒயினோட சேந்து சுருங்கிக்கிட்டே போகுது. காத்துக்கு இடமே குடுக்கல" என்றார். பிறகு, "பேரப் போடு. எழுத்து பெருசா இருக்கணும். அந்த இலைய விடப் பெருசா."

அவர் ராத்திரியில் திருட்டுத்தனமாக நிலவறைக்குள் இறங்கிக் குடித்தார் என்று ஊரில் ஒரு பேச்சு. பொய். பட்டப்பகல் ஒரு மணிக்கு, கோட்டு அணிந்து, நாற்காலியில் உட்கார்ந்து, கண்ணாடிக் கோப்பையில் குடித்தார்.