மூன்றாம் பிரிவும் ஒரு குண்டு பல்பும்

1.

இந்தக் கதை என் கற்பனை இல்லை. என் மேசைக்கு வந்த ஒரு கோப்பிலிருந்து திருடினேன். திருடியதில் வெட்கமில்லை. கோப்பு உண்டானதே என்னால்தான். அரசுக் கட்டடங்களுக்கான மின்சிக்கன விளக்குச் சட்டத்தை வரைந்த புண்ணியவான் அடியேன். மூன்றாம் பிரிவைக் கேளுங்கள்: 'கட்டடத்தில் உள்ள குண்டு பல்பு ஒவ்வொன்றையும் கழற்றி, அதற்கு ஈடாக ஒரு சிக்கன விளக்கு பொருத்தப்பட வேண்டும்.'

ஏழு முறை திருத்தி எழுதியது. பெருமையில் மனைவியிடம் வாசித்துக் காட்டினேன்.

"பல்பே இல்லாத எடத்துல என்ன பண்ணுவாங்க?" என்றாள்.

பாத்திரம் துலக்கிக்கொண்டே கேட்டதால் நான் அதைப் பொருட்படுத்தவில்லை.*

* துலக்காமல் கேட்டிருந்தாலும் பொருட்படுத்தியிருக்க மாட்டேன்.

2.

கதையின் முதல் வரி: 'அந்தப் பதிவறையில் இருள் ஒரு கரிய பறவையைப் போலச் சிறகு விரித்து...'

(அடித்துவிட்டேன். பறவையாம் பறவை! அங்கே இருப்பது எலி.)

மறுபடியும். பதிவறைக்கு ஜன்னல் இல்லை. ஃப்யூஸ் போன பல்பை யாரோ எப்போதோ தூக்கிப் போட்டுவிட்டதால் ஹோல்டர் மட்டும் தொங்குகிறது. அங்கே வேலை பார்க்கும் எழுத்தர் அம்மாள், செல்போனைத் தாடையில் இடுக்கி, அந்த வெளிச்சத்தில் பழைய பதிவேடுகளை நகலெடுக்கிறார். விளக்கு கேட்டு மனுப் போட்டார். 'கழற்றுவதற்குப் பல்பு இல்லாததால் மனு ஏற்கப்படவில்லை' என்று பதில் வந்தது.

3.

அலுவலக எலக்ட்ரீஷியன் உள்ளே வருகிறார். ஓய்வு பெற இன்னும் நான்கே மாதம்.

"என்னம்மா, இன்னும் லைட்டு வரலியா?"

"எங்கண்ணே வரும்? பழசைக் கழட்டிக் குடுத்தாத்தான் புதுசாம். இல்லாததை நான் எங்கேருந்து கழட்ட? நேத்து ஒரு பொம்பளைக்குப் புருஷன் செத்த தேதியையே தப்பா எழுதிக் குடுத்துட்டேன். திரும்பி வந்து அழுதுட்டுப் போனா. எனக்கு மனசே ஆறல."

"அட, இவ்வளவுதானா! எங்க வீட்டு பாத்ரூம்ல ஒரு குண்டு பல்பு கெடக்கு. நாளைக்கு மாட்டுறேன், மறுநாள் கழட்டுறேன். சட்டத்துக்கும் மனசு குளிர்ந்துடும்."

(இந்த ஆளைக் கொஞ்சம் கெட்டவராக்கப் பார்த்தேன். சின்னதாக ஒரு லஞ்சம்... வரவில்லை. கோப்பிலுள்ள அவரது வாக்குமூலத்தில் ஒரு டீ குடித்ததாகக்கூட இல்லை. 'நல்லவனா இருந்தா உங்களுக்கு எழுத வராதா?' என்கிறாள் மனைவி.)

4.

மறுநாள் காலை பல்பை மாட்டினார்.

"அட, இந்தச் சுவரு பச்சையா!" என்றார் அந்த அம்மாள். அந்த அறையில் அவருக்கு அது ஆறாவது வருடம்.

அரை மணி நேரத்தில் பறக்கும் படை வந்து நின்றது. ஒன்பதாம் பிரிவு: அரசுக் கட்டடத்தில் புதிதாகக் குண்டு பல்பு பொருத்துபவர் பணிநீக்கம் செய்யப்படுவார், ஓய்வூதியமும் கிடையாது. (அதுவும் என் கைவண்ணம்தான்.) சட்டம் வந்த நாளிலிருந்து அதில் மாட்டிய முதல் ஆள் இவர்தான்.

அதிகாரிகள் பல்பைக் கழற்றி உறையில் போட்டு அரக்கு வைத்தார்கள். பல்பு ஒன்று கழற்றப்பட்டுவிட்டதல்லவா? மூன்றாம் பிரிவின்படி, அன்று மாலையே அங்கே சிக்கன விளக்கு வந்துவிட்டது. எலக்ட்ரீஷியனின் திட்டம் அட்சரம் பிசகாமல் பலித்தது. அவர் மட்டும் சஸ்பெண்ட்.

5.

விசாரணைக் குழு என்னிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டது: மூன்றாம் பிரிவில் குறை உண்டா?

முதல் முடிவு: 'உண்டு, தவறு என்னுடையது' என்று எழுதுகிறேன். அவர் வேலைக்குத் திரும்புகிறார். மேலதிகாரி என்னைக் கூப்பிட்டு, "ஏழு தடவை திருத்தினீரே, என்னத்தய்யா திருத்தினீர்?" என்று...

இரண்டாம் முடிவு: 'குறை இல்லை' என்று எழுதுகிறேன். முப்பத்து மூன்று வருடம் உழைத்தவர் வெறுங்கையோடு...

இரண்டையும் மனைவியிடம் வாசித்தேன்.

"இதுல எது?"

"வாசகர்கிட்டயே விட்டுடலாம்னு இருக்கேன்."

"கதை கிடக்கட்டும். அந்தக் கோப்பு?"

டீ கேட்டுப் பேச்சை மாற்றினேன். உங்களிடம் சொல்கிறேன். கோப்பு நேற்றே போய்விட்டது. 'மூன்றாம் பிரிவு தெளிவாக உள்ளது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். பேனாவை மூடிவைத்த பிறகுதான் இந்தக் கதையையே தொடங்கினேன்.

ஆகையால் வாசகரே, உங்களுக்குப் புண்ணியமாகப் போகும், இங்கேயாவது அந்த மனிதரை வேலையில் வையுங்கள். என்னால் முடியாது. எனக்கு அடுத்த மாதம் பதவி உயர்வு.