விழ மறுத்த சுவர்

சம்மட்டியின் காம்பு முறிந்து, இரும்புத் தலை மட்டும் படிக்கட்டில் உருண்டு வந்தபோது வரிசையில் நின்ற அத்தனை பேரும் சிரித்துவிட்டார்கள். எங்கள் குருவின் பீடமான அகால் தக்தின் மேல்தளத்தில் குல்ச்சா ரொட்டிக் கடை சனன் சிங் வெறும் கட்டையைப் பிடித்தபடி நின்றார். அந்த ஜனவரிக் குளிரிலும் அவருடைய சட்டை முதுகோடு ஒட்டிக் கிடந்தது. காலையிலிருந்து சுற்றியிருந்த சுவர்கள் ஒவ்வொன்றாகக் கீழே வந்துகொண்டிருந்தன. பின்பக்க அறையின் ஒரு சுவர் மட்டும், ஆள் மாற்றி ஆள் அடித்தும், கொஞ்சம் பூச்சை உதிர்த்ததோடு சரி. எவன்தான் இதைக் கட்டித் தொலைத்தான் என்று மேலேயிருந்து யாரோ அலுத்துக்கொண்டார். கீழே பிரகாரத்தில் பெண்கள் வரிசையில் இடிபாடு அள்ளிய சட்டியைக் கைமாற்றிக்கொண்டிருந்த எனக்கு, கட்டியது யார் என்று தெரியும். அவரோடுதான் இத்தனை வருடமாகக் குடித்தனம் நடத்துகிறேன்.

என் வீட்டுக்காரர் வரியாம் சிங் கொத்து வேலைக்காரர். எண்பத்து நாலு ஜூனில், குரு அர்ஜன் தேவ் உயிர் கொடுத்த நாளுக்காக ஊர் ஊராக ஜனங்கள் வந்து குவிந்திருந்தபோது, அவருடைய அண்ணன் மெஹர் சிங் வழக்கம்போல யாத்திரிகர்களுக்குப் பால் கலந்த இனிப்புத் தண்ணீர் ஊற்றப் போனார். அதற்குள் ராணுவம் கோயிலைச் சுற்றி வளைத்துவிட்டது. ஊரடங்கில் நாங்கள் வீட்டுத் தரையில் குப்புறப் படுத்துக் கிடந்தோம். பீரங்கி வெடிக்கும்போதெல்லாம் அலமாரிப் பாத்திரங்கள் எங்கள் மேல் விழுந்தன. அண்ணன் திரும்பவில்லை. உடம்பைக்கூடக் கொடுக்கவில்லை. பிறகு உள்ளே விட்டார்கள். குளத்தின் நடுவே தங்கம் போர்த்திய ஹர்மந்திர் அப்படியே நின்றது. அதற்கு எதிரே அகால் தக்த் முன்பக்கம் முழுக்கப் பிளந்து, கும்மட்டம் சிதைந்து, பளிங்கெல்லாம் கரி பிடித்து நின்றது. இவர் அழவில்லை. வீட்டுக்கு வந்து பல நாள் சரியாகச் சாப்பிடவும் இல்லை.

அந்தக் கோடையிலேயே, தானே திருப்பிக் கட்டித் தருவதாக சர்க்கார் அறிவித்தது. எங்கள் ஆட்கள் யாரும் போகக்கூடாது என்று எங்கள் பக்தர் சபையான சங்கத் சொல்லிவிட்டது. குருவின் வீட்டுக்கு மண் சுமப்பதென்றால் நீதிபதியும் சுமப்பார், தெருக் கூட்டுபவரும் சுமப்பார். அது எங்கள் கையால் நடக்க வேண்டிய வேலை. சங்கத் கூப்பிட்டால் சேவை, சர்க்கார் கூப்பிட்டால் கூலி. இது எங்கள் ஊரில் பால்குடி மறக்காத பிள்ளைக்கும் தெரியும். இவருக்கும் தெரியும். தெரிந்துதான் ஒரு நாள் கரண்டியையும் தூக்குக்குண்டையும் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினார். நான் வாசலில் மறித்தேன்.

"அண்ணன் விழுந்த எடம் வாயப் பொளந்துக்கிட்டு நிக்குது. கூப்புட்டது யாரா இருந்தா எனக்கென்ன? என்னால பாத்துக்கிட்டு இருக்க முடியலடி," என்றார்.

வேலை முடிந்து அவர் வீட்டுக்கு வந்த கையோடு தெரு எங்களைக் கைகழுவிவிட்டது. 'சர்க்கார் மேஸ்திரி' என்று பெயர் வைத்தவர் இதே சனன் சிங்தான். ஒரு பைசா வாங்கவில்லை என்று நான் வீடு வீடாகச் சொன்னேன். அப்படியா என்று கேட்டுவிட்டு அவரவர் வேலையைப் பார்த்தார்கள். நவம்பரில் டெல்லியில் எங்கள் ஜனங்களை எரித்த பிறகு, அப்படிக் கேட்பதைக்கூட நிறுத்திவிட்டார்கள். கோயிலில் லங்கர் சாப்பாட்டுப் பந்தியிலிருந்து யாரையும் எழுப்பிவிட முடியாது. அது குருவின் கட்டளை. எழுப்பவும் இல்லை. இவர் உட்கார்ந்தால் இரண்டு பக்கமும் ஆளுக்கொரு இடம் விட்டுத் தள்ளி உட்கார்ந்தார்கள், அவ்வளவுதான். என்னோடு உட்கார்ந்து ஸ்வெட்டர் பின்னிய தேஜ் கௌர், சனன் சிங்கின் மனைவி, நான் கண்ணில் பட்டாலே நூல்கண்டைச் சுருட்டிக்கொண்டு எழுந்துவிடுவாள். எழவும் முடியாமல் போகட்டும் என்று நானும் வேண்டாத நாளில்லை. தெருவில் இவருக்கு ஒரு படிக்கட்டு பூசும் வேலைகூட வரவில்லை. கிராமம் கிராமமாகச் சைக்கிளில் போய் வந்தார்.

மீள்வதற்கு வழி இல்லாமல் இல்லை. சங்கத் தேர்ந்தெடுத்த ஐந்து பேர் முன்னால் கை கூப்பி நின்று, செய்தது தப்பு என்று சொன்னால், சில நாள் பாத்திரம் கழுவவோ செருப்புத் துடைக்கவோ சொல்வார்கள். அதை முடித்துவிட்டால் அப்புறம் அந்தப் பேச்சை ஒருவரும் எடுக்கக்கூடாது. போய் நில்லுங்கள் என்று தலைபாடாக அடித்துக்கொண்டேன். பாத்திரம் எத்தனை வேண்டுமானாலும் கழுவுகிறேன், குருவின் வீட்டில் செங்கல் வைத்தது தப்பு என்று மட்டும் என் வாயால் வராது என்றுவிட்டார்.

இப்படியே ஒரு வருடம் ஓடி, எண்பத்தாறு ஜனவரியில், சர்க்கார் கட்டியதை இடித்துவிட்டு நம் கையாலேயே திரும்பக் கட்டுவது என்று சங்கத் முடிவெடுத்தது. அன்று காலை ஊரே கிளம்பியது. இவர் ரஜாயை இழுத்துப் போர்த்திக்கொண்டு படுத்திருந்தார். நான் ரஜாயைப் பிடுங்கினேன்.

"போயி வரிசையில நிக்கறேன்னே வெச்சுக்க," என்றார். "என் கையிலேர்ந்து சட்டிய எவன் வாங்குவான்?"

துப்பட்டாவை இறுக்கிக் கட்டிக்கொண்டு தனியாகப் போனேன். போன இடத்தில் எனக்கு அடுத்த ஆளாக வந்து நின்றது தேஜ் கௌர். என் முகத்தைப் பார்க்காமலேயே சட்டியை வாங்கி வாங்கி அந்தப் பக்கம் தள்ளிக்கொண்டிருந்தாள். மேலே கொடி, கோஷம் என்று வேறு என்னென்னவோ நடந்தது. எனக்கு அதிலெல்லாம் கண் போகவில்லை. என் கண்ணெல்லாம் அந்தச் சுவர் மேல்தான்.

புதுச் சம்மட்டி வந்தது. அடித்தார்கள். சுவர் அசையவில்லை. இது சர்க்கார் சுவர், லஞ்சம் கொடுத்தால்தான் நகரும் என்று ஒருவர் சொல்ல, மறுபடியும் சிரிப்பு. அந்தச் சிரிப்பை என்னால் பொறுக்க முடியவில்லை.

"அது எங்க வீட்டுக்காரரு கட்டுனது," என்றேன். நான் நினைத்ததைவிடச் சத்தமாக வந்துவிட்டது.

சட்டிகள் அப்படியே நின்றன. தேஜ் கௌர் முதல் முறையாக என் முகத்தைப் பார்த்தாள். சனன் சிங் மேலேயிருந்து எட்டிப் பார்த்தார். வாயைத் திறந்தாயிற்று, இனி மூடி என்ன ஆகப்போகிறது என்று எல்லாவற்றையும் சொன்னேன். வாசலில் சிப்பாய் தலைப்பாகையைத் தடவிச் சோதித்துத்தான் தினமும் இவரை உள்ளே விட்டான். செங்கல்லை ராத்திரி முழுக்க ஊறப்போட்டுத்தான் எடுப்பார். கலவைக்கு லாரித் தண்ணீரைத் தொடமாட்டார். இந்தக் குளத்திலிருந்து பித்தளைக் குடத்தில் மொண்டு தோளில் சுமந்துகொண்டு போவார். மற்றவர்கள் கிளம்பிப் போன பிறகும் இருட்டும்வரை சுவருக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டு நின்றார். ஆறிப்போன ரொட்டியை வைத்துக்கொண்டு நான் திட்டாத நாள் கிடையாது.

"கூலிக்கு மாரடிக்கிறவன் கட்டுன செவுரா அது? காலையிலேர்ந்து அடிக்கிறீங்களே, நீங்களே சொல்லுங்க."

சனன் சிங் சம்மட்டியைச் சாய்த்து வைத்தார். பூச்சு உதிர்ந்த இடத்தில் உள்ளங்கையை வைத்து, செங்கல்லுக்கும் செங்கல்லுக்கும் நடுவே விரலை ஓட்டிப் பார்த்தார். இருபது வருடமாக வெறும் கையைத் தந்தூர் அடுப்பில் விட்டு மாவு ஒட்டுகிற ஆள், ஒட்டியது எது ஒட்டாதது எது என்று அவருக்குத் தெரியாதா? பிறகு கீழே இறங்கி வந்தார். என்னிடம்தான் சண்டைக்கு வருகிறார் என்று நினைத்து நானும் தயாரானேன். அவர் என்னைத் தாண்டி நடந்தார். திரும்பிப் பார்த்தால், தூண் ஓரத்தில், கம்பளியை மூக்கு வரைக்கும் இழுத்துவிட்டுக்கொண்டு இவர் நிற்கிறார். எப்போது வந்தாரோ. நான் பேசியது அத்தனையும் காதில் விழுந்திருக்கிறது. பூமி பிளந்தால் உள்ளே போய்விடலாம் என்பதுபோல் என்னை ஒரு பார்வை பார்த்தார்.

சனன் சிங் அவர் முன்னால் போய் நின்றார். ஒரு வருடத்துக்கு மேலாக அவரிடம் ஒரு வார்த்தை பேசாதவர்.

"மேஸ்திரி, உங்க செவுரு எங்க பேச்சக் கேக்க மாட்டேங்குது."

அந்தப் பெயரின் முன்பாதி எங்கோ விழுந்துவிட்டிருந்தது. இவர் தரையைப் பார்த்தபடி, "இடிக்கத்தான் கூப்புடுறீங்களா?" என்றார்.

"இடிக்கவும்தான், அப்புறம் கட்டவும்தான்." சனன் சிங் வரிசையை ஒரு முறை திரும்பிப் பார்த்துக்கொண்டார். "சங்கத் கூப்புடுது. வாங்க."

இவர் கம்பளியை அங்கேயே கழற்றிப் போட்டார். படியேறும்போது ஒவ்வொரு படியையும் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். இருபுறமும் நின்றவர்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள். நீட்டிய சம்மட்டியை வேண்டாம் என்று தள்ளிவிட்டு, உளியும் சின்னச் சுத்தியலும் கேட்டு வாங்கினார். சுவரில் நெற்றியை வைத்து ஏதோ சொன்னார். அண்ணனிடம் சொன்னாரோ, குருவிடம் சொன்னாரோ, நான் இதுவரை கேட்டதில்லை. பிறகு மேல் மூலையில் உளியை வைத்துத் தட்ட ஆரம்பித்தார். பிரகாரமே அந்தச் சின்னச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு நின்றது. கண்ணிலிருந்து தாடிக்கு வடிந்ததை அவர் துடைத்துக்கொள்ளவே இல்லை. எனக்கோ பெருமை தாங்கவில்லை. அழுதேன், ஆனால் நான் அழுதது துக்கத்தில் இல்லை.

முதல் செங்கல் ஒரு முனைகூட உடையாமல் முழுசாக வந்தது. சனன் சிங் அதை இரண்டு கையாலும் வாங்கி, தலைக்கு மேலே தூக்கி, "போலே ஸோ நிஹால்" என்று குரல் கொடுத்தார். குளம் முழுக்க அதிரும்படி "சத் ஸ்ரீ அகால்" என்று பதில் எழுந்தது. செங்கல்லைச் சட்டியில் போட யாருக்கும் மனசு வரவில்லை. கையிலிருந்து கைக்கு அப்படியே இறங்கி வந்தது. என்னிடம் வந்தபோது நல்ல கனம் இருந்தது. தேஜ் கௌரிடம் நீட்டினேன். அவள் வாங்கினாள், உடனே அந்தப் பக்கம் தள்ளிவிடவில்லை. துப்பட்டா முனையால் அதன் தூசியைத் துடைத்தாள், ஒரு தரம் புரட்டிப் பார்த்தாள், அப்புறம்தான் அடுத்தவளிடம் கொடுத்தாள். அதற்குள் மேலேயிருந்து அடுத்த செங்கல் கிளம்பிவிட்டது. அது இன்னும் படிக்கட்டைக்கூடத் தாண்டவில்லை. தேஜ் கௌர் என் பக்கம் திரும்பி, இரண்டு கைகளையும் நீட்டிக்கொண்டு நின்றாள்.