செருப்புக்கடைப் பேத்தி

செருப்புக்கடைக்காரர் பேத்திக்குப் பதினாலு மாதமாகியும் நடை வரவில்லை. டாக்டர் வீட்டுப் பிள்ளைக்குக் காய்ச்சல் வரலாம், வாத்தியார் வீட்டுப் பிள்ளை பரீட்சையில் கோட்டை விடலாம், உலகம் போனால் போகிறதென்று விட்டுவிடும். செருப்புக்கடைப் பிள்ளை உட்கார்ந்தே இருந்தால் மட்டும் விடாது போலிருக்கிறது. கடைக்கு வருகிற ஒவ்வொருவரும் காலை நீட்டி அளவு கொடுக்கும்போதே, "பேத்தி நடக்குதா?" என்று கேட்டுவிட்டுத்தான் மறு வேலை பார்த்தார்கள்.

அதற்குக் காரணமும் கடைக்காரர்தான்; பிள்ளையின் அம்மாவுக்கு மாமனார். கல்லாவுக்குப் பின்னால் ஒரு கண்ணாடிப் பெட்டி வைத்திருந்தார். அந்த வீட்டுப் பிள்ளைகள் முதலடி வைத்த பூட்ஸ்கள் அதற்குள் ஜோடி ஜோடியாக இருக்கும். ஒரு வயது முடிந்த அன்றே, கெட்டி அடியும் கணுக்கால்வரை கயிறும் வைத்த பூட்ஸைப் பிள்ளையின் காலில் மாட்டுவார்கள். கடை நடுவில் நிறுத்தி, இரண்டு கையையும் பிடித்து இழுத்து, நடந்ததாகப் போட்டோவும் எடுத்துவிடுவார்கள். "எங்க வீட்டுப் பிள்ளைங்க எல்லாம் ஒரு வயசுல நடந்துச்சுங்கம்மா. ரகசியம் ஒண்ணுமில்ல, நம்ம பூட்ஸ்தான்!" என்பார் மாமனார். அதைக் கேட்ட தாய்மார்கள் இன்னும் குப்புறக்கூட விழாத பிள்ளைக்கும் ஒரு ஜோடி வாங்கிக்கொண்டு போவார்கள்.

பேத்தி வாண்டு மட்டும் இந்தப் பரம்பரைக்கு மசியவில்லை. பிறந்தநாளன்று பூட்ஸ் மாட்டி நிறுத்தியதும், யாருடைய கால் இது என்பதுபோலக் குனிந்து பார்த்தது. பளபளவென்ற தரையில் ஒரு கால் வழுக்கியது. தொப்பென்று உட்கார்ந்து, தெருவே திரும்பிப் பார்க்கிற மாதிரி ஒரு அலறல். அன்றோடு சரி. பூட்ஸ் டப்பாவைக் கண்டாலே காலை மடக்கிக்கொள்ளும். கழற்றிவிட்டாலோ வேறு பிள்ளை! கட்டில் விளிம்பைப் பிடிக்கும், அங்கிருந்து நாற்காலி, நாற்காலியிலிருந்து அப்பாவின் கால்சட்டை என்று கடைக்கு மேலே இருந்த மாடி வீடு முழுக்கச் சுற்றி வரும். பிடித்த பிடியை மட்டும் விடாது.

அதன் அம்மா சும்மா இருக்கவில்லை. டாக்டரிடம் தூக்கிக்கொண்டு போய்க் காட்டினாள். டாக்டர் காலை மடக்கி நீட்டிப் பார்த்தார். "நல்லாத்தான் இருக்கா. சில பிள்ளைங்க ஒரு வயசுக்கு முன்னாடியே நடக்கும், சிலது ஒன்றரை வயசு வரைக்கும் எடுத்துக்கும். வீட்டுக்குள்ள வெறுங்காலோட விடுங்க. காலுக்குத் தரை தெரியணும்" என்றார். அவள் வந்து இதைச் சொன்னதும் மாமனார் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது.

"வெறுங்காலா? நம்ம வீட்லயா? பொழப்புல மண்ணள்ளிப் போடுற டாக்டரா இருக்காரே!"

இந்த நேரம் பார்த்துத்தான் நாத்தனார் களத்தில் இறங்கினாள். மாமனாருக்கு மூத்த மகள். தன் மகன் ஒன்பது மாதத்தில் நடந்த கதையை அவள் சொல்லிக் கேட்டால், பிரசவ வார்டிலிருந்தே பஸ்ஸைப் பிடிக்க ஓடி வந்தானோ என்று தோன்றும். "ஒரு மாசம் என்கிட்ட விடுங்கப்பா. வாக்கர்ல போட்டு, நாள் முழுக்கப் பூட்ஸோட வெச்சு, நடக்க வெச்சுக் கொண்டாரேன். இவ தூக்கித் தூக்கியே கெடுத்து வெச்சிருக்கா" என்றாள். ஞாயிற்றுக்கிழமை வந்து அழைத்துப் போவதாக அப்பாவும் மகளும் பேசி முடித்துவிட்டார்கள். பெற்றவளை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

"நீங்களும் அங்கதானே நின்னீங்க? வாய்ல என்ன பஞ்சா?" என்று பிள்ளையின் அம்மா புருஷனைப் பிடித்தாள்.

"அக்கா நல்லதுக்குத்தானே..." என்று மென்று முழுங்கினான் அவன்.

"இன்னும் பால் மறக்காத பிள்ளை இது! ராத்திரி என் விரலைப் பிடிச்சுக்கிட்டுத்தான் தூங்குது. அதைப் பிடுங்கிக்கிட்டுப் போறது நல்லதா?"

அவள் அழவில்லை. அழுதால் விட்டுக்கொடுத்ததாகிவிடும் என்று ஒரு வைராக்கியம். என் பிள்ளை என்ன, அளவு சரியில்லை என்று மாற்றிக்கொண்டு வருகிற செருப்பா? யாரோ எடுத்துப் போய்ச் சரிபண்ணிக் கொண்டுவருவதற்கு?

ஞாயிறு காலை நாத்தனார் வந்தாள். ஒரு கையில் பிள்ளையின் துணிகளுக்கென்று பெரிய காலிப் பை, மறு கையில் புது பூட்ஸ் டப்பா. மாமனார் கல்லாவில் இருந்தார். கைக்குழந்தையோடு ஒரு பெண் செருப்பு பார்த்துக்கொண்டிருந்தாள். மருமகளின் புருஷன் அந்தப் பெண்ணுக்கு டப்பா டப்பாவாக இறக்கிக்கொண்டிருந்தான். அந்த நேரம் பார்த்து மருமகள் மாடியிலிருந்து இறங்கினாள். இடுப்பில் வாண்டு, வெறுங்காலோடு. வந்தவள் நேராகக் கடை நடுவில், செருப்புப் போட்டுப் பார்க்கிற தாழ்ந்த பெஞ்சுக்குப் பக்கத்தில் பிள்ளையை இறக்கிவிட்டாள். அது பெஞ்சைப் பிடித்துக்கொண்டு நின்றது.

"துணியெல்லாம் எங்க?" என்றாள் நாத்தனார்.

"பீரோவுல இருக்கு அண்ணி. அங்கயே இருக்கும்."

"இதென்ன பேச்சு? அப்பா சொல்லியாச்சு." நாத்தனார் டப்பாவிலிருந்து பூட்ஸை எடுத்து, குனிந்து பிள்ளையின் காலைப் பிடித்தாள். வாண்டு உதைத்த உதையில் ஒரு பூட்ஸ் அலமாரிக்கு அடியில் போய் விழுந்தது. "பாரு, எவ்ளோ பிடிவாதம்! எல்லாம் நீ குடுக்கிற செல்லம்."

"பழம் தானா கனியணும் அண்ணி. தடியால அடிச்சுக் கனிய வைப்பாங்களா?" அவள் மிச்சமிருந்த பூட்ஸை நாத்தனார் கையிலிருந்து வாங்கி டப்பாவில் போட்டு மூடினாள். "என் பிள்ளை நடக்கிற அன்னிக்கு நடப்பா. அதுவரைக்கும் அவ காலுக்குச் செருப்பும் கிடையாது, அவளுக்கு வேற வீடும் கிடையாது."

செருப்புக்கடையில், வாடிக்கையாளர் முன்னால் இப்படியொரு பேச்சு! மாமனார் எழுந்தே விட்டார். கைக்குழந்தைக்காரி ஒரு செருப்பைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு அடியில் என்னமோ படிப்பதுபோலக் காதைத் தீட்டினாள்.

"இந்தக் கடைச் சோத்தைத் தின்னுக்கிட்டு, செருப்பே வேணாங்கிறியாம்மா நீ?"

"சோறு திங்கிறது நான்தானே மாமா? என் கால்ல எந்த பூட்ஸ வேணாலும் மாட்டுங்க, காலம்பூரா போட்டுக்கிட்டுத் திரியறேன். பிள்ளையை விட்ருங்க."

"ஊர்ல கேக்கறாங்களே, நான் என்ன சொல்றது?"

"இன்னும் நடக்கலைன்னு சொல்லுங்க. அதுல என்ன வெட்கம்? அவ யார் கடனையும் கால்ல கட்டிக்கிட்டுப் பொறக்கல."

நாத்தனார் தம்பியின் பக்கம் திரும்பினாள். "என்னடா, உன் பொண்டாட்டி பேசறதைக் கேட்டுக்கிட்டு மரம் மாதிரி நிக்கற?"

அவன் கையிலிருந்த டப்பாவை மெதுவாகக் கீழே வைத்தான். தொண்டையைச் செருமினான். "அக்கா, பிள்ளை இங்கயே இருக்கட்டும். பையை மடிச்சு வை" என்றான். அவ்வளவுதான் சொன்னான். அதற்கே அவன் காது இரண்டும் சிவந்துபோயின. மருமகளுக்கு அவனைக் கட்டிக்கொள்ளலாம் போலிருந்தது.

பிறகு நாத்தனார் ஆரம்பித்தாள் பாருங்கள், தாம் தூம் என்று! தம்பியை வளர்த்த பாசம், பெரியவர்கள் மரியாதை, இந்தக் காலத்துப் பெண்கள் எல்லாம் வந்தன. மருமகளும் சளைக்கவில்லை. ஒன்றுக்கு ஒன்று கொடுத்தாள். பேச்சு ஏறிக்கொண்டே போனதில் ஒருவரும் பெஞ்சுப் பக்கம் பார்க்கவில்லை. கைக்குழந்தைக்காரிதான் "ஐயோ, அங்க பாருங்க!" என்றாள்.

வாண்டு பெஞ்சை விட்டிருந்தது. இரண்டு கையையும் காதுக்கு மேலே தூக்கிக்கொண்டு, கால் இரண்டையும் அகட்டி வைத்து, கடை நடுவில் தனியாக நின்றது. யாரையும் பார்க்கவில்லை. ஒரு கால். இன்னொரு கால். தரையில் விரல்கள் ஒட்டி ஒட்டி எழுந்தன.

"போட்டோ! போட்டோ எடுடா! அதுக்கு முன்னாடி பூட்ஸ மாட்டு!" மாமனாருக்கு எதை முதலில் செய்வதென்றே தெரியவில்லை. அந்தக் கூச்சலில் பிள்ளை தடுமாறி உட்கார்ந்துவிட்டது. நாத்தனார் தூக்க ஓடினாள்.

"யாரும் தொடாதீங்க!"

மருமகள் போட்ட சத்தத்தில் நாத்தனார் பாதியில் நின்றாள். வாண்டு அழவில்லை. உள்ளங்கைகளைத் தரையில் ஊன்றிப் பின்பக்கத்தைத் தூக்கியது. மெல்ல நிமிர்ந்து, மறுபடி நின்றது. நின்றதும் வாசல் பக்கம் திரும்பிக்கொண்டது.

வாசலில் ஒரு படி இருந்தது. அதற்குக் கீழே நடைபாதை, ஆட்கள், அப்பால் தெரு. மருமகள் தன்னை அறியாமல் ஓடிப் போய், குனிந்து, பிள்ளையின் முன்னால் விரலை நீட்டினாள்.

வாண்டு அந்த விரலைப் பார்த்தது. தினமும் இரவில் பிடித்துக்கொண்டு தூங்குகிற அதே கையின் விரல். "ம்ஹூம்" என்று பட்டென்று தட்டிவிட்டது.

அவளுக்குச் சுருக்கென்றது. என் பிள்ளையை விடுங்கள், விடுங்கள் என்று எல்லாரிடமும் மல்லுக்கட்டினாளே, அந்த எல்லாரிலும் தானும் ஒருத்தி என்று அவளுக்குத் தோன்றியதே இல்லை. இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய், ஒன்றை ஒன்று இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

வாண்டு படியில் உட்கார்ந்து சறுக்கி இறங்கியது. நடைபாதையில் எழுந்து நின்றது.

"ஏய், விழுந்துடப் போறா! பிடி!" என்று கத்தினாள் நாத்தனார்.

"விழட்டும் அண்ணி. எந்திரிப்பா." சொல்லிவிட்டு, ஒரு எட்டு இடைவெளி விட்டு மருமகள் அதன் பின்னால் போனாள். பிள்ளை ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை.