குடும்ப நாள் வைஃபை

ஓரகடத்தில் எந்தக் கார் ஆலையில் நாலு வருஷம் ஹெட்லைட் மாட்டினானோ, அதே ஆலைக்குள் குடும்ப நாள் விழாவுக்கு வைஃபை போடுகிற ஆளாக நுழைந்தான் சக்திகுமார். வேலையை விட்டது மனைவி மாரிசெல்வி கொடுத்த தைரியத்தில். "ஒயரு, டவருன்னே கெடக்கீங்க. போயி அதையே செய்யுங்க. ஏஞ் சம்பளம் இருக்குல்லா?" என்றிருந்தாள். அவளுக்கு அதே ஆலையில் இரண்டாவது அசெம்பிளி லைனில் வேலை. வாடகை, அரிசி எல்லாம் அதில்தான் ஓடியது. இந்த விழா ஒழுங்காக நடந்தால் அக்கம்பக்கத்து ஆலைகளும் கூப்பிடும், அவனும் தலைதூக்கலாம்.

பெரிய கம்பெனிகள் லட்சத்தில் பேசின. இவன் சென்னை ரிச்சி தெருவில் பழைய ரவுட்டர்களை வாங்கி, பந்தல் கால்களில் கட்டி, மழைக்குப் பாலிதீன் கவரும் மாட்டிவிட்டான். இணைப்பு ஒன்றுதான். வெளிநாட்டிலிருந்து கம்பெனித் தலைவர் திரையில் பேசுவதற்கும் அதுதான், வருகிற குடும்பங்களுக்கும் அதுதான்.

தொழிலாளியின் போன் வாசல் லாக்கரைத் தாண்டாது என்பது அவன் ரத்தத்தில் ஊறிய சங்கதி. அதனால் தொழிலாளிகளைக் கணக்கிலேயே சேர்க்கவில்லை. விழா அன்று மட்டும் லாக்கர் கிடையாது என்று யாரும் சொல்லவில்லை. இந்தப் புத்திசாலியும் கேட்கவில்லை.

ஆளுக்கொரு ஆண்ட்ராய்டு போன் புதிதாக வாங்கியிருந்த காலம். மூவாயிரம் பேரும் வெளியே எடுத்தார்கள். பந்தலை ஒட்டிய ஷெட்டைக் குடும்பங்களுக்காகத் திறந்து வைத்திருந்ததால், தாங்கள் வேலை செய்யும் இடத்தை வீடியோ காலில் ஊருக்குக் காட்ட ஆரம்பித்தார்கள். மாரிசெல்வியும் சங்கரன்கோவிலில் இருக்கும் அம்மாவுக்கு, "இந்தா, இதாம்மா நா நிக்க எடம்" என்று காட்டிக்கொண்டிருந்தாள். பேசத் தொடங்கிய தலைவர், திறந்த வாய் திறந்தபடி திரையில் நின்றுவிட்டார்.

எச்.ஆர். அதிகாரி நடேசன் ஓடி வந்தார். "இன்னாபா இது, மனுஷன் செலையாட்டம் நிக்கிறாரு? நம்ம ரெண்டு பேருக்கும் சங்குதான்."

சக்திகுமார் ரவுட்டர் பக்கம் ஓடினான். மேடையை மட்டும் விட்டுவிட்டு மற்றதையெல்லாம் துண்டித்தான். மாரிசெல்வி போனைத் தட்டிப் பார்த்துவிட்டு அவனை முறைத்தாள். அவனுக்குப் பாவமாகத்தான் இருந்தது.

தலைவர் அசைந்தார். குரல் கணீரென்று வந்தது. மொழிபெயர்த்தவர் நிறுத்தி நிதானமாகச் சொன்னார். உங்கள் உழைப்புக்கு நன்றி. அடுத்த ஆண்டு இரண்டாவது லைன் வியட்நாமுக்குப் போகிறது.

பந்தல் அடங்கிப்போனது. நடேசன் மட்டும் அவன் முதுகில் தட்டினார். "படம் பிரமாதம்பா. அடுத்த வருஷமும் நீதான்."

மாரிசெல்வி நாற்காலிகளுக்கு நடுவே வந்து அவன் பக்கத்தில் நின்றாள்.

"கேட்டுச்சா?" என்றான்.

"நல்லாக் கேட்டுச்சு. வைஃபையத் தெறந்து விடுங்க," என்றாள். "லைனு இருக்கும்போதே அம்மா பாத்துக்கிடட்டும்."