குவாரிக்காரர் துடைத்த மலை

ஊர் அருங்காட்சியகத்தின் முன்கூடத்துச் சுவரில் மலையை வரையச் சொன்னபோது போர்டுக்காரி மறுபேச்சுப் பேசாமல் ஒப்புக்கொண்டதில் எல்லாருக்கும் ஆச்சரியம். கடைகளுக்குப் பெயர்ப்பலகை எழுதிப் பிழைப்பவள் அவள். அவளுடைய தம்பி குவாரியில் பாறை சரிந்து செத்து இன்னும் வருஷம் திரும்பவில்லை. அருங்காட்சியகத்தைக் கட்டிக்கொடுத்தவரோ அந்தக் குவாரிக்காரர்தான். "குடிச்சிட்டு வேலைக்கு வந்தான், போய்ச் சேர்ந்தான்" என்று ஊர் முழுக்கப் பரப்பிவிட்டவரும் அவரே. இருமல் மருந்துக்கே முகம் சுளிக்கிறவன் தம்பி.

"மலை முழுசா இருக்கணும்மா. நான் சின்னப் பையனா இருந்தப்ப எப்படி இருந்துச்சோ, அப்படி" என்றார் குவாரிக்காரர்.

"வரைஞ்சிடலாம் ஐயா."

கூடத்தில் குயவர் காட்சிக்குப் பானைகளை அடுக்கினார், பாய் முடைகிறவர்கள் பாய்களைத் தொங்கவிட்டார்கள். அவள் திரை கட்டிக்கொண்டு அதற்குள் வேலை செய்தாள். முதலில் தண்ணீர் பட்டாலும் போகாத எனாமல் பெயிண்டில் இன்றைய மலையை வரைந்தாள். பாதி தின்ற மலை, கீழே பள்ளம், பள்ளத்தில் பாறைக்கு அடியில் கண் திறந்தபடி தம்பி. அது நன்றாகக் காய்ந்த பிறகு, வெறும் தண்ணீரில் கரைத்த பவுடர் கலரால் அதன்மேல் பச்சைப்பசேலென்று ஒரு முழு மலையைப் பூசினாள்.

தம்பி மனைவியிடம் மட்டும் சொன்னாள்.

"நமக்கு எதுக்கு அண்ணி இந்த வம்பு?"

"செத்தும் பழியைச் சுமந்துட்டுக் கிடக்கான். அதை இறக்கி வைக்கணும்."

திறப்பு விழா அன்று வாசலில் லாரிகள் போய்க்கொண்டே இருந்தன. படத்தின்மேல் கல்தூசி படிந்தது. விருந்தாளிகள் சூழ்ந்து நிற்கையில் அவள் ஈரத்துணியை நீட்டினாள்.

"தூசி படிஞ்சிருக்கு ஐயா. உங்க கையாலயே தொடைச்சு விட்டா நல்லாருக்கும்."

போட்டோக்காரர் கேமராவைத் தூக்கினார். குவாரிக்காரர் சிரித்தபடி சட்டைக் கையை மடித்துவிட்டு, உச்சியிலிருந்து அழுத்தித் துடைத்தார். துணியில் பச்சை ஏறியது. அழுக்கு என்று நினைத்து இன்னும் தேய்த்தார். உச்சி போனது. பள்ளம் வந்தது. பிறகு முகம்.

"நம்ம பய" என்றார் குயவர்.

குவாரிக்காரர் அவள் பக்கம் திரும்பினார். "என்னடி பண்ணி வெச்சிருக்க?"

"மலையை அழிச்சது நீங்கதானே ஐயா. எல்லாரும் பார்த்துட்டுதானே இருக்காங்க."

"ஒரு குடிகாரனுக்கு இங்க படமா?"

அவருக்குப் பின்னால் நின்ற குவாரி மேஸ்திரி தலையைத் தூக்காமலே பேசினார். "அவன் குடிக்கலைங்க. பாறை ஆடுதுன்னு சொன்னான். நீங்க சொன்னதாலதான் நான் அவனை உள்ள அனுப்புனேன்."

குவாரிக்காரர் பச்சை ஒட்டிய கையோடு காரில் ஏறினார்.

இரண்டு நாளில் சுண்ணாம்பு வாளியோடு ஆட்கள் வந்தார்கள். குயவரும் பாய்க்காரர்களும் சுவரை மறித்து நின்றார்கள். "சுண்ணாம்பு அடிச்சுக்கோ. ஆனா எங்க பொருள் ஒண்ணுகூட இங்க இருக்காது. காலிக் கட்டடத்தைக் காட்டிக்கச் சொல்லு உங்க முதலாளியை." ஆட்கள் வந்த வழியே திரும்பினார்கள்.

"இப்பவாவது மனசு ஆறுச்சா அண்ணி?" என்று தம்பி மனைவி கேட்டாள்.

"இல்ல."

மறுநாள் அவள் ஏணியோடு போய், படத்துக்கு நேர்மேலே பெரிய விளக்கு ஒன்றை மாட்டினாள். இருட்டிய பிறகும் வாசல் வழியே தெருவிலிருந்து தம்பியின் முகம் தெரிந்தது. குவாரிக்காரர் வீட்டுக்குப் போக அந்த ஒரு தெருதான் இருந்தது.