தளும்பிய கிண்ணம்

வியாழக்கிழமை பட்ஜெட் கமிட்டி கூடுகிறது. மலைக்கிராமப் பாலர் பள்ளிகளுக்கான பணத்தை வெட்டப் போகிறார்கள். அதற்கு ஆதாரமே பேராசிரியை சைராகுல் எழுதிய புத்தகம்தான். முப்பது வருஷம் உழைப்பையும் அரசு செலவையும் ஆராய்ந்தவர், 'நாரின் மலைகளில் நூற்றுக்குப் பதினோரு பெண்களே வேலை செய்கிறார்கள்' என்று எழுதியிருந்தார். வீட்டில் இருக்கும் மற்றவர்கள் பிள்ளைகளைத் தாங்களே பார்த்துக்கொள்ளட்டும் என்றது கமிட்டி. சைராகுலுக்கு மனசு கேட்கவில்லை. செவ்வாய்க்கிழமையே மலையேறி, தோக்தொசுன் கிழவர் வீட்டில் கேள்வித்தாளோடு போய் உட்கார்ந்துவிட்டார்.

"உங்க மருமக வேலை செய்யுதா, பெரியவரே?"

"பெர்மெத்தா? அது எங்க வேலை செய்யுது! வீட்ல சும்மாதான் இருக்கு."

சமோவார் என்னும் தேநீர்க் கொதிகலன் பக்கத்தில் இருந்த பெர்மெத் வாய் திறக்கவில்லை. மாமனார் பேச்சில் மருமகள் குறுக்கிடுவாளா என்ன? ஆனால் அதுவரை அரைக்கிண்ணமாகத் தேநீர் ஊற்றியவள், இந்த முறை தளும்பத் தளும்ப ஊற்றி நீட்டினாள். அந்த மலை வழக்கத்தில் அரைக்கிண்ணம் என்றால் இன்னும் இருங்கள். முழுக்கிண்ணம் என்றால் எழுந்து போங்கள்.

சைராகுலுக்குத் தூக்கிவாரிப்போட்டது. இத்தனை வருஷமும் ஆள் அனுப்பிக் கேட்ட கேள்விக்கெல்லாம் பதில் சொன்னது மாமனார்கள்! பெர்மெத்தின் பின்னாலேயே தொழுவத்துக்கு ஓடினார்.

"என்னம்மா, விரட்டுறியா?"

"பின்ன? ஆறு மாடு கறந்து பால் வண்டிக்கு ஊத்துறேன். கம்பளம் தைச்சு விக்கிறேன். சும்மா இருக்கேனாம், நீங்களும் எழுதிக்கிறீங்களேக்கா! பள்ளிக்கூடத்தையும் மூடிட்டா சின்னவன மாட்டு வால்லயா கட்டுறது?"

தன் புத்தகம் தப்பென்று தெரிந்து இப்படித் துள்ளிய பேராசிரியை வேறு யாரும் இருக்க மாட்டார். மறுநாள் இருட்டும்வரை தொழுவம் தொழுவமாக ஏறி இறங்கினார். நாற்பது பெண்களில் முப்பத்தெட்டுப் பேர் சம்பாதிக்கிறார்கள்!

வியாழக்கிழமை கமிட்டித் தலைவர் சிரித்தார். "உங்க புத்தகம்தானே அக்கா? இப்ப மாத்திச் சொன்னா உங்க பேரு என்னாகும்?"

"போனா போகுது. கேக்க வேண்டியவங்களக் கேக்காம எழுதிட்டேன்."

"அந்தப் பொம்பளைங்க யாரும் வந்து சொல்லலியே?"

"சொல்லித்தான் அனுப்பியிருக்காங்க."

மேஜையிலிருந்த தேநீர்க் கெண்டியை எடுத்து, தலைவரின் கிண்ணத்தில் விளிம்பு தாண்டி வழிய ஊற்றினார். மன்றமே சிரித்தது. தலைவரின் முகம் சிவந்தது. கிண்ணத்தை எடுத்து மடமடவென்று பாதி குடித்துவிட்டுக் காட்டினார்.

"இப்ப அரைக்கிண்ணம்தான். நான் இருக்கலாமா?"

"பாலர் பள்ளி இருந்தா நீங்களும் இருக்கலாம்."

வெட்டுவதற்காக எடுத்து வைத்திருந்த சிவப்புப் பேனாவைத் தலைவர் மூடி, பையில் போட்டார்.