மேகத்துக்கு மூட்டிய நெருப்பு

அமெரிக்காவில், ராக்கி மலையடிவாரத்தில் வெர்லா டோல்மனின் தொழுவத்துக்குப் பின்னால் ஆள் உயரத்துக்கு ஒரு இரும்புக் கருவி நின்றது. மலைமேல் மேகம் திரளும்போது நகரத்திலிருந்து மேகவிதைப்பு நிறுவனத்தின் ஆள் கர்ட்டிஸ் போனில் கூப்பிடுவான். அவள் போய் காஸைத் திறந்து பற்றவைப்பாள். வெள்ளி உப்பு கலந்த புகை மேலேறி மேகத்துக்குள் போகும். பனி கொஞ்சம் கூடுதலாக விழும், அது உருகிக் கோடையில் வாய்க்காலில் தண்ணீர் ஓடும் என்று நம்பிக்கை. கணவன் இறந்த பிறகு குளிர்காலத்தில் அவளைக் கூப்பிடுகிற ஒரே குரல் கர்ட்டிஸுடையதுதான். வேலை முடிந்தாலும் சட்டென்று வைத்துவிட மாட்டான். முட்டிவலி எப்படி இருக்கிறது என்று விசாரிப்பான்.

வானிலையில் கைவைப்பதைத் தடைசெய்ய மாநிலச் சட்டமன்றத்தில் மசோதா வந்தது. ஊர் அவளை வேறு கண்ணால் பார்க்க ஆரம்பித்தது. பக்கத்துப் பண்ணை ஆர்டிஸ், நெடுநாள் தோழி, வேலிக்கு அந்தப் பக்கம் நின்றே பேசினாள்.

“என் கன்னுக்குட்டி செத்துப் பொறந்துச்சு. எல்லாம் உன் புகைதான்டி.”

“போன வருஷமும் ஒண்ணு செத்துச்சே. அந்த மாசம் நான் பத்தவைக்கவே இல்லையே, ஆர்டிஸ்.”

“கடவுள் வேலையில உனக்கென்னடி வேலை?”

அந்த ஞாயிறு தேவாலயத்தில் வெர்லாவின் பக்கத்தில் யாரும் உட்காரவில்லை.

தலைநகரில் மசோதா விசாரணைக்குத் தனியாகவே வண்டியோட்டிப் போனாள். பேச இரண்டு நிமிஷம் கொடுத்தார்கள். வாய்க்கால் தண்ணீரைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே, “உன்ன எவ்வளவுக்கு வாங்குனாங்க?” என்று பின்னாலிருந்து ஒருவன் கத்தினான். அதோடு அவள் பேச்சை முடித்துக்கொண்டு இறங்கினாள். மசோதா நிறைவேறியது. இனி பற்றவைத்தால் குற்றம்.

வசந்தத்தில் கர்ட்டிஸ் லாரியோடு வந்து கருவியைக் கழற்றினான். அன்றுதான் அவனை நேரில் பார்த்தாள். மாட்டிறைச்சியும் உருளைக்கிழங்கும் சமைத்து வைத்தாள். போனில் ஓயாமல் பேசிய இருவரும் தட்டைப் பார்த்தபடியே சாப்பிட்டார்கள்.

“இனி எங்க தம்பி வேலை?”

“துபாய்ப் பக்கம் கூப்பிடுறாங்கம்மா. அங்க இது குத்தமில்லையாம்.”

“எப்பவாச்சும் பேசுவியா?”

“கண்டிப்பா பேசுறேன்.”

அவன் பேசவில்லை.

அந்த வருடம் கிறிஸ்துமஸ் வரை பனி விழவில்லை. ஆர்டிஸ் தான் சுட்ட ஆப்பிள் பலகாரத்தோடு வந்தாள். “சண்டைதான் முடிஞ்சுபோச்சே. மூஞ்சியத் தூக்கிவச்சுக்காம சர்ச்சுக்கு வாடி.”

வெர்லா போனாள். போதகர் கண்ணை மூடிப் பனி வேண்டி ஜெபித்தார். ஆர்டிஸ் அவள் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள். எல்லோரோடும் சேர்ந்து வெர்லாவும் ஆமென் சொன்னாள். அத்தனை பேர் தோளுரசி நிற்க, வீட்டில் ஒண்டியாக இருக்கும்போதுகூட அவளுக்கு இவ்வளவு தனிமையாக இருந்ததில்லை.

“மத்தியானம் சாப்பிட வாயேன்,” என்றாள் ஆர்டிஸ்.

“மாட்டுக்குத் தீனி வைக்கணும்,” என்று சொல்லிவிட்டு வண்டியைக் கிளப்பினாள்.